எட்டை மூன்று என்று படித்தவர்

என் கணவரின் அண்ணன் ஒரு மின்விசிறியை மாட்ட முழுப் பகலை எடுத்துக்கொள்வார்.

திருப்பாச்சூர் வீட்டுக்கு நான் மருமகளாகப் போன மூன்றாம் நாளே அதைப் பார்த்தேன். எங்கள் அறைக்கு விசிறி வந்திருந்தது. காலையில் நாஷ்டா முடித்துவிட்டு ஏணியில் ஏறியவர் சாயங்காலக் காப்பிக்குத்தான் வேலை முடிந்து இறங்கினார். கையில் ஒரு ஹோல்டர், அதில் ஒரு பல்பு, அதிலிருந்து தொங்கும் இரண்டு ஒயர்கள். டெஸ்ட் லாம்ப் என்பார்கள். கூரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு ஒயரையும் அதனால் தொட்டுப் பார்த்தார். பல்பு எரிகிறதா இல்லையா என்று தெரிந்ததும் அந்த ஒயரின் நுனியில் வெள்ளை நூல் கட்டினார். கரண்ட் வருகிற ஒயருக்கு ஒரு சுற்று, எர்த் ஒயருக்கு மூன்று சுற்று. எல்லாம் கட்டிய பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொட்டுப் பார்த்தார்.

நான் விலங்கியல் படித்தவள். திருவள்ளூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. “ஒயருக்குத்தான் சிவப்பு, கறுப்பு, பச்சைன்னு நிறம் இருக்கே மாமா, நூல் எதுக்கு?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “கலரு பொய் சொல்லும்மா. லைட்டு பொய் சொல்லாது” என்றார்.

அது அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை என்று பிறகுதான் தெரிந்தது. அறுபதுகளின் நடுவில் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் கரண்ட் வந்துகொண்டிருந்தது. கம்பம் நட்டுக் கம்பி இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டுக்குள்ளும் மோட்டார் கொட்டகைக்குள்ளும் இழுக்கிற வேலைக்கு ஆட்கள் இவரைத் தேடி வருவார்கள். வேறு ஆட்கள் ஒரே நாளில் முடித்துக்கொடுத்தாலும், இவருக்காகப் பத்து நாள் காத்திருப்பவர்கள் இருந்தார்கள். இவர் கை வைத்த வீட்டில் ஷாக் அடிக்காது என்று ஊரில் பேச்சு.

பிற்பாடு கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பியபோது ஒரு ரோலிங் மில்லில் ஒயர்மேனாகச் சேர்ந்தார். அங்கேயும் இதே கதைதான். புதிதாக வந்த இன்ஜினியருக்கு இவருடைய நிதானம் பேஜாராக இருந்திருக்கிறது. திறப்பு விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது, காண்ட்ராக்டர் ஆட்கள் முடித்துக் கொடுத்த ஒரு பெரிய போர்டை மூடச் சொன்னார்களாம். எல்லா ஒயரையும் தொட்டுப் பார்க்காமல் மூட மாட்டேன் என்று இவர் உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை நாள் பார்த்தார். சிவப்பு ஒயர் தீர்ந்துபோய், ஓர் இடத்தில் பச்சை ஒயரிலேயே கரண்டை இழுத்துவிட்டுப் போயிருந்தது தெரியவந்தது. பச்சை என்றால் எர்த். எந்த ஒயர்மேனும் தைரியமாகக் கையால் பிடிப்பான். பிடித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். மில்காரர்கள் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து காட்டியபோது அவர் முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் இருந்தது. அதற்குள் எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

தெரிவதற்கு முன்னால் பல விஷயங்களைத் தனித்தனியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெள்ளைச் சட்டை தவிர வேறு போட்டதில்லை. புடவை எடுக்க என் ஓரகத்தி அவரைக் கூப்பிட்டால் தம்பியை அழைத்துக்கொண்டு போகச் சொல்வார். தோட்டத்தில் தக்காளி பறிக்கச் சொன்னால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துத்தான் பறிப்பார். ஒருநாள், பாதையோரப் புல்மேல் காயப்போட்டிருந்த மிளகாய்ப்பழத்தின்மேல் சைக்கிளை நேராக ஏற்றிவிட்டார். செக்கச் செவேலென்று பரப்பியிருந்த மிளகாய். “கண்ணு இன்னா பொடனியிலயா கீது?” என்று ஓரகத்தி சத்தம் போட்டார். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குனிந்து, ஏதோ முதல் தடவை பார்ப்பதுபோல அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் புத்தகத்தை நான் கொண்டுவந்தது எந்த வருஷம் என்று இப்போது குழப்பமாக இருக்கிறது. பொங்கல் விடுமுறை என்பது மட்டும் நிச்சயம். என்னோடு படித்தவள் சென்னையில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தாள். நிறக்குருடு பற்றி வகுப்பில் காட்டுவதற்காக அவளிடம் இரவல் வாங்கியிருந்தேன். பக்கத்துக்கு ஒரு வட்டம். வட்டம் முழுக்கப் பல நிறப் புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண் ஒளிந்திருக்கும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறவர்களுக்கு ஓர் எண் தெரியும். தெரியாதவர்களுக்கு எதுவும் தெரியாது, அல்லது வேறு எண் தெரியும்.

ஊத்துக்கோட்டையிலிருந்து என் நாத்தனார், அதாவது அவருடைய தங்கை, குடும்பத்தோடு வந்திருந்தார். விளையாட்டாக எல்லாரிடமும் புத்தகத்தைக் காட்டினேன். எல்லாரும் எட்டு என்று படித்த பக்கத்தை மாமா தள்ளி நின்றே பார்த்துவிட்டு, “மூணு” என்றார்.

வீடே சிரித்தது. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு தானும் சிரித்து, சும்மா சொன்னேன் என்று வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து நாத்தனாரின் மகன் உள்ளே வந்தான். இருபது வயது, ஐ.டி.ஐ. முடித்தவன், ரயில்வேயில் அசிஸ்டென்ட் டிரைவராக வேண்டும் என்று மனுப் போட்டிருந்தான். மாமா படித்தபோது அவன் அங்கே இல்லை. அவனிடமும் யாரோ அதே பக்கத்தை நீட்டினார்கள். “மூணு” என்றான்.

மாமன் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்று மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

மறுநாள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மோட்டாரைப் பார்க்க வந்தவர்போல மாமா வந்து நின்றார்.

“அந்த பொஸ்தகத்துல நெசமா எட்டா கீது?”

ஆமாம் மாமா என்றேன்.

“எனுக்கு மூணு தான் தெரிஞ்சுது. அவனுக்கும் மூணு தான்.”

அப்புறம் அவராகவே சொன்னார். சின்ன வயதில், எல்லாரும் ஒரே நிறத்தை விளையாட்டுக்கு இரண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாராம். தனக்குத்தான் கோளாறு என்று புரிந்தபோது, ஏழு வயதில் அம்மை போட்டதால் போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டார். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மாட்டுக் கொட்டகைக்கு லைட்டு போட்டார். இரும்புக் கம்பத்தில் பச்சை ஒயரை முடுக்கவேண்டியவர் சிவப்பை முடுக்கிவிட்டார். ஸ்விட்சைப் போட்டால் லைட்டு எரியவில்லை. மெயினில் ஏதோ தவறு என்று பார்க்க நடந்தார். பத்தடி போவதற்குள், கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த காளை கீழே விழுந்தது. ஆட்கள் வருவதற்குள் ஒயரை மாற்றிவிட்டார். ஈரத்தில் கரண்ட் பாய்ந்துவிட்டது என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

“மாடு போச்சு. அந்த ஊட்டு கொயந்த அந்த எடத்துல நின்னுக்கினு இருந்தா?” என்றார்.

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நான் பாடம் எடுத்தேன். அம்மை காரணம் இல்லை, பிறவியிலேயே வந்தது என்றேன். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்று நீளமான இழை இருக்கிறது. உடம்பு என்னென்ன செய்யவேண்டும் என்பது அதில் எழுத்து மாதிரி வரிசையாக இருக்கிறது. ஒரு வேலைக்கான துண்டுக்குப் பெயர் ஜீன். அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு அது நகலாகித்தான் வருகிறது. நகல் எடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். அதைத்தான் சடுதி மாற்றம் என்கிறோம். உங்கள் வம்சத்தில் யாருக்கோ எந்தக் காலத்திலோ அப்படிப் பிசகியிருக்கிறது, யார் செய்த பாவமும் இல்லை. அந்த இழைகள் சுருண்டு கட்டாக இருப்பதை நிறக்கோல், அதாவது குரோமோசோம், என்போம் என்றேன்.

“நெறக்கோலா? அப்போ கலரு அதுல தான் கீதா?”

இல்லை மாமா, சாயம் போட்டுப் பார்த்தால் நிறமாகத் தெரியும், அதனால் அந்தப் பெயர் என்றேன். அவர் முகம் இன்னும் குழம்பியது. அதை விட்டுவிட்டு, இந்த ஜீன் எக்ஸ் என்ற நிறக்கோலில் இருக்கிறது, பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று, உங்களுக்கு வந்தது உங்கள் அம்மாவிடமிருந்து என்றேன்.

“அம்மாவுக்கு எல்லாக் கலரும் தெரியுமே.”

அவங்களுக்கு ஒன்று கெட்டாலும் இன்னொன்று நன்றாக இருந்திருக்கும் என்றேன். துவைக்கிற கல்லின் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்சம் யோசித்தார். “பொம்பளைக்கு ரெண்டு லைன். ஒண்ணு போனாலும் லைட்டு எரியும். ஆம்பளைக்கு ஒரே லைன். அப்டித்தானே?” என்றார். என் வகுப்பில் ஒரு பெண்கூட அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் நான் நிறுத்தாமல் போனேன்.

மகனுக்கு வருமா என்று கேட்டார். வராது, மகனுக்கு எக்ஸ் கொடுப்பது அம்மா என்றேன். மகளுக்கு? உங்களுடைய ஒரே எக்ஸ் அவளுக்குப் போயிருக்கும், ஆனால் அவள் பார்வைக்கு ஒன்றும் ஆகாது, அவளுக்குப் பிறக்கிற ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரலாம் என்றேன். விரல்களை மடக்கினார், நீட்டினார். “நான் குடுக்கறது அவளுக்கு. அவளுக்கு ஒண்ணும் ஆவாது. அவ குடுக்கறது அவ புள்ளைக்கு. அவனுக்கு ஆவும்” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அவருடைய மகளுக்கும் அந்த அத்தை மகனுக்கும் கல்யாணம் என்று சிறு வயதிலேயே பேசி வைத்தது. மூன்று என்று படித்தானே, அவனுக்கு. அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். அவனுக்கும் இருப்பதால் இவர்களுக்குப் பிறக்கும் பெண்களிலும் பாதிப் பேருக்கு நேரடியாக வரலாம், வெளியில் கொடுத்தால் பெண்களுக்கு வராது, ஆண்களுக்கு எப்படியும் பாதிக்குப் பாதி என்றேன். கணக்கு சரி. பரீட்சையில் எழுதினால் முழு மார்க்.

“பொம்பளப் புள்ளைக்குமா?” என்றார். அப்புறம் எழுந்தார். “இத்த யார் கிட்டயும் சொல்லிடாதம்மா. என் பொழப்பே இதுல தான் கீது.”

சொல்ல மாட்டேன் என்றேன். இது ஒரு நோயே இல்லை மாமா, எத்தனையோ பேருக்கு இருக்கிறது என்றும் சொன்னேன். சொன்னேனா, சொல்ல நினைத்தேனா? அவர் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார் என்பது ஞாபகம் இருக்கிறது.

நாத்தனார் மகனுக்கு ரயில்வேயிலிருந்து டாக்டர் சோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று அவரிடம் இரண்டு முறை சொன்னேன். பார்க்கலாம் என்றார். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பையன் போனான், அதே புத்தகத்தை அங்கே நீட்டினார்கள், திரும்பி வந்தான்.

அது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் ஊத்துக்கோட்டைக்குப் போய், கல்யாணம் வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வந்தார். காரணம் சொல்லவில்லை. சொன்னால் தன்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நாத்தனார் தனக்குத் தெரிந்த காரணத்தை எடுத்துக்கொண்டார். ரயில்வே வேலை கிடைக்கவில்லை என்றதும் தன் பிள்ளை அண்ணனுக்குக் கசந்துவிட்டான் என்று உறவுக்காரர்கள் எல்லாரிடமும் சொன்னார். பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

மாமாவின் மகள் ஒருநாள் சமையலறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கீரை ஆய்ந்துகொண்டே, “சித்தி, அப்பா ஏன் வாணாம்னு சொல்றாரு?” என்று கேட்டாள். அவளுக்கு அவனைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியலையே என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். நான் பொய் சொல்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கீரையை முழுக்க ஆய்ந்து கொடுத்துவிட்டுத்தான் எழுந்து போனாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

திருவள்ளூர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த ஒருவருக்கு அவளைக் கொடுத்தார்கள். நல்ல மனிதர். கல்யாணத்துக்கு ஊத்துக்கோட்டையிலிருந்து யாரும் வரவில்லை. தாய்மாமன் வீட்டுச் சீர், அத்தை வீட்டுச் சீர் என்று பந்தலில் கூப்பிட்டபோது அத்தை என்று வந்து நிற்க ஆள் இல்லாமல் தூரத்து உறவில் ஒருத்தி வந்து நின்றாள். அவர் பந்தல் ஓரத்தில் சீரியல் லைட்டு ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

மகளுக்கு முதலில் ஆண்பிள்ளை பிறந்தது. அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், கலர் பென்சிலில் ஒரு மரம் வரைந்து தாத்தாவிடம் காட்டினான். இலைகளெல்லாம் பழுப்பு நிறம். அவருக்கு அந்தப் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நன்றாக இருக்கிறது என்று தட்டிக்கொடுத்தார். மகள்தான் சிரித்துக்கொண்டே, இவனுக்கு எத்தனை தடவை சொன்னாலும் இலைக்குப் பச்சை அடிக்கத் தெரியவில்லை அப்பா என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் காகிதத்தோடு என்னிடம் வந்தார். “வெளியில குடுத்தும் வந்துச்சேம்மா” என்றார்.

“அப்பவே சொன்னேனே மாமா. ஆண்பிள்ளைக்கு எப்படியும் பாதிக்குப் பாதின்னு.”

“சொன்னியா?”

சொன்னேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் கேட்ட விதத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் சொன்னதை அவர் மறந்தாரா, அல்லது பெண்பிள்ளைக்கு வரும் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைக் கேட்கவே இல்லையா? அவரிடம் அதைப் பேசித் தீர்க்கலாம் என்று நினைப்பதற்குள், நாளைக்கு லீவு போட முடியுமா, ஊத்துக்கோட்டைக்குப் போகவேண்டும் என்றார். தனக்கு விளக்கிச் சொல்ல வராது, நான் கூட வரவேண்டும் என்றார்.

ஏழு வருஷத்துக்கு அப்புறம் அண்ணனைப் பார்த்த நாத்தனார் என்னை மட்டும் வா என்றார். அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டார். என்னை அழைத்துவந்திருந்தாலும் அவரேதான் எல்லாவற்றையும் சொன்னார். எட்டையும் மூன்றையும் சொன்னார். காளையைச் சொன்னார். அம்மாவிடமிருந்து தங்கள் இரண்டு பேருக்கும் வந்தது, தங்கையிடம் மறைந்து நின்று பிள்ளையிடம் வெளியே தெரிந்தது என்று, நான் கிணற்றடியில் சொன்னதை என்னைவிடத் தெளிவாகச் சொன்னார். இவர்கள் இரண்டு பேரையும் கட்டிவைத்தால் பெண்பிள்ளைக்கும் வருமே என்று பயந்துதான் வேண்டாம் என்றேன், வேலைக்காக இல்லை என்றார்.

நாத்தனார் முறத்தில் இருந்த கையை எடுக்கவில்லை. “அப்போ உனுக்கும் கலரு தெரியாது” என்றார்.

“தெரியாது.”

“பொறந்ததுலருந்தா?”

“பொறந்ததுலருந்து.”

நாத்தனார் முறத்தைக் கீழே வைத்தார். சண்டை போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டார்.

“கலரு தெரியாம தான நீ அண்ணிய கட்டிக்கின? ரெண்டு புள்ள பெத்த. ஊரு பூரா லைட்டு போட்ட. உனுக்கு இன்னாண்ணா கொறஞ்சு போச்சு? எம் புள்ளைக்கு மட்டும் ஏன் ஆவாதுன்ன?”

மாமா என் பக்கம் திரும்பினார். டீச்சர் பதில் சொல்வாள் என்று அந்தக் கண்கள் காத்திருந்தன. எனக்குத் தெரிந்ததெல்லாம் பாதி, பாதியில் பாதி என்ற கணக்கு. அந்தக் கேள்விக்கு அதில் எதுவும் இல்லை. அவர் வாழ்க்கை முழுக்க எவ்வளவு பயந்துகொண்டு வேலை செய்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதையெல்லாம் தாண்டி அவர் நன்றாகத்தான் வாழ்ந்தார் என்பதும் உண்மைதானே என்று தோன்றியது.

நாத்தனார் உள்ளே போய் மூன்று இலை போட்டார். சாப்பிடுகிற நேரத்துக்கு மகன் வந்தான். அரிசி மில் வைத்திருந்தான். தலைமுடியெல்லாம் தவிடு. சத்தியவேடு பக்கத்துப் பெண்ணைக் கட்டி ஒரு குழந்தை இருந்தது. “வாங்க மாமா” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். மில்லுக்குப் புது மோட்டார் வாங்கலாமா என்று மாமனிடம் யோசனை கேட்டான். அவர் பாதிச் சோற்றில் கையை வைத்துக்கொண்டே எத்தனை குதிரைச்சக்தி, எந்தக் கேபிள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாத்தனார் ரசத்தை ஊற்றிவிட்டு அவன் முகத்தையும் அண்ணன் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அவர் ஜன்னலோரம், நான் முன் சீட்டில். ஆற்றுப்பாலம் தாண்டி வெகு தூரம் வந்த பிறகு, “மொதல்லயே கேட்டுக்கினு செஞ்சிருக்கணும்” என்றார்.

யாரை என்று நான் திரும்பிக் கேட்கவில்லை. தங்கையையா, மகளையா, அந்தப் பையனையா, அல்லது என்னிடமே இன்னொரு தடவையா? அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. எனக்கு அது இன்னும் தெரியவில்லை.